பாக்குவெட்டிக்கு ஒரு காரணம்

அத்தியாயம் பதினொன்று

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் குட்மேய்ஸ் ஹை ரோட்டில் நடந்ததை இந்த ஆறு நாளில் சிவனேஸ்வரி ஒன்பது பேருக்குச் சொல்லிவிட்டாள். பத்தாவதாக உங்களுக்கும் சொல்வதில் அவளுக்கு ஆட்சேபம் இராது. சொல்லச் சொல்ல ஆறும் என்று பார்த்தாள். கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

தங்கை அஜந்தாவுக்குப் பிள்ளை பிறந்து அன்று ஆறாம் நாள். பிள்ளை பெற்றவளுக்கென்று மிளகு, மல்லி, சீரகம் அரைத்து, மீன் போட்டுச் சரக்குக் கறி காய்ச்சி, சட்டியைக் காரின் இடப்பக்கத்துச் சீட்டில் வைத்து, மூடியின் மேல் ஒரு பாக்குவெட்டியையும் வைத்துக்கொண்டு சிவனேஸ்வரி இல்போர்டுக்குப் புறப்பட்டாள். மீன் மணக்கும் கறியை வீதியால் கொண்டுபோகும்போது மேலே ஓர் இரும்பு இருக்க வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டில் மெத்தைக்கு அடியிலும் ஓர் இரும்பு இருக்க வேண்டும். பேய் பிசாசு அண்டாது என்பார்கள். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் சிரிப்பாள். ஆனால் வைக்காமல் மட்டும் போகமாட்டாள். அஜந்தாவும் காலையில் போன் செய்து வீட்டில் இரும்பென்று ஒன்றும் இல்லை, ஏதாவது கொண்டு வா என்று கேட்டிருந்தாள். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று, பூசைத் தட்டில் கிடந்த பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் கடக்கட்டும் என்று நிறுத்தினாள். பின்னால் வந்த கறுப்புக் காருக்கு அது பிடிக்கவில்லை. ஹோர்ன் அடித்து, விலத்தி முந்தி, அடுத்த சிவப்பு விளக்கில் அவளுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு ஆறடி உயரத்தில் ஒருவன் இறங்கி வந்தான். கண்ணாடியில் குத்தினான். பிறகு கதவைத் திறந்தான். கதவைப் பூட்டாமல் ஓடியது அவள் பிழைதான், அதை அவளே ஒத்துக்கொள்கிறாள். உள்ளே குனிந்து ஒரு கையால் அவளுடைய தலைமயிரைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பூட்டில் மாட்டியிருந்த கார்த் திறப்பைப் பிடுங்கப் பார்த்தான். சிவனேஸ்வரியின் இடது கைக்கு எது எட்டியதோ அதால், அந்தப் பாக்குவெட்டியால், ஒரே ஓர் அடி. அவனுடைய மணிக்கட்டு எலும்பு வெடித்துவிட்டது. கத்திக்கொண்டு ஓடியவன்தான் முதலில் பொலிசுக்குப் போன் செய்தான்.

இதுவரைக்கும் நியாயம் முழுக்க அவள் பக்கம். இதற்குப் பிறகுதான் அவளுடைய கணவர் தேவராசா வந்து சேர்ந்தார்.

தேவராசாவுக்கு உள்ளூர் நகரசபைக் கவுன்சிலில் வேலை. ஆனால் குட்மேய்ஸ் தமிழ்ச் சனத்துக்கு அவரை வேறு வேலைக்காகத்தான் தெரியும். யாருக்காவது ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் அது அவருடைய மேசைக்குத்தான் வரும். டொக்டரிடம் போவதா, வங்கிக்குப் போவதா, விசா கொடுக்கும் ஹோம் ஒபிசில் சண்டை பிடிப்பதா, கூட அவர் போவார். போய், "நீங்கள் பேசாம இருங்கோ, நான் கதைக்கிறன்" என்பார். சனம் கோணலாகச் சொன்னதை நிமிர்த்திச் சொல்வார். சில வேளை அவர்கள் சொல்லவே சொல்லாததையும் சொல்வார். காரியம் நடந்துவிடும், சனமும் கும்பிட்டுவிட்டுப் போகும்.

அன்றும் அப்படித்தான். காருக்குப் பக்கத்தில் நின்ற பெண் கொன்ஸ்தபிள், இது என்ன சாமான், ஏன் காரில் வைத்திருக்கிறாய் என்று கேட்டபோது சிவனேஸ்வரிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாள் முழுக்க ஆங்கிலத்தில் வாய் ஓயாமல் கதைக்கிறவள்தான். ஆனால் தலைமயிர் கலைந்து, கறி முழுக்கக் காருக்குள் கொட்டிக் கிடக்கும்போது எந்தப் பாஷைதான் வரும். யாரோ போனில் சொல்லக் கேட்டு, அந்த நேரம் பார்த்துத் தேவராசா ஓடி வந்தார். பாக்குவெட்டியைப் பார்த்தார். பொலிசிடம் பேயைப் பற்றிக் கதைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. என் மனைவி தனியாகக் காரோட்டி வேலைக்குப் போகிறவள், காலமும் கெட்டுக் கிடக்கிறது, யாராவது வம்புக்கு வந்தால் தற்காத்துக்கொள்ள இதை எப்போதும் காரில் வைத்திருக்கிறாள் என்று நல்ல அழகான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

சிவனேஸ்வரி தலையாட்டினாள். கொன்ஸ்தபிளின் நெஞ்சில் மாட்டியிருந்த கமெரா அதைப் படம் பிடித்துக்கொண்டது.

இன்று வியாழக்கிழமை. காலை பதினொரு மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் விசாரணை.

எட்டு மணிக்கே தேவராசா சட்டையை அயர்ன் பண்ணி முடித்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் இரண்டு பக்கம் டைப் செய்த தாள் இருந்தது. சிவனேஸ்வரி சொல்ல வேண்டிய வாக்குமூலத்தை அவரே இரவிரவாக இருந்து எழுதியிருந்தார்.

"பாடமாக்கத் தேவையில்லை. இதைப் பாத்து வாசிச்சுப்போட்டுக் கோஷனை வாங்கிக்கொண்டு வருவம். கையெழுத்து வைச்சால் முடிஞ்சுது" என்றார்.

கோஷன் என்பது கோர்ட்டுக்குப் போகாமல், செய்தேன் என்று ஒத்துக்கொண்டு வாங்கும் பொலிஸ் எச்சரிக்கை. ஒத்துக்கொண்டால் அப்படி முடிக்க மேலிடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று பொலிஸ் தரப்பில் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து தேவராசாவுக்கு ஒரே நிம்மதி.

சிவனேஸ்வரிக்கு நிம்மதி எங்கிருந்து வரும். ஒன்பது வருடமாக அவள் கெயரர். வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, தேத்தண்ணி வைத்துக் கொடுக்கிற வேலை. அந்த வேலைக்கு டி.பி.எஸ். என்கிற பொலிஸ் சான்றிதழ் சுத்தமாக இருக்க வேண்டும். கோஷன் வாங்கினால் அதில் ஏறிவிடும். ஆயுதம் வைத்திருந்தவள் என்று எழுதிய சான்றிதழோடு படுக்கையில் கிடக்கிற ஒருவருடைய வீட்டுக்குள் யார் அவளை விடுவார்கள். ஏஜென்சி மனேஜர் சனிக்கிழமையே அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டாள். பொலிஸ் என்ன முடிவு எடுக்கிறது என்று பார்த்துத்தான் மற்றது என்றாள்.

அந்த வேலையைத் தேடிப் பிடித்தது சிவனேஸ்வரி. விண்ணப்பத்தை நிரப்பியதும் அவள்தான், நேர்முகத்தில் பதில் சொன்னதும் அவள்தான். வீட்டில் மற்ற எல்லாவற்றிலும் தேவராசாவின் கை இருந்தது. அதில் மட்டும் இல்லை.

"அப்ப என்ர வேலை?" என்று கேட்டாள்.

"வேற ஏதாவது பாப்பம். நவரத்தினத்தின்ர கடையில ஆள் தேடுகினம்."

தட்டைச் சிங்க்குக்குள் போட்ட சத்தத்தில் தேவராசா நிமிர்ந்து பார்த்தார். அவள் தாளை எடுத்து நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அவள் சம்மதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அவர் சப்பாத்துப் போடப் போனார்.

அவர்தான் காரை ஓட்டினார். இத்தனை தரம் கழுவியும் கறி மணம் இன்னும் காரைவிட்டுப் போகவில்லை. செவன் கிங்ஸ் தாண்டும்போது அஜந்தா போன் செய்தாள். பிள்ளை பெற்று முப்பத்தொரு நாள் கழியும்வரை வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது, இல்லாவிட்டால் நானே பொலிசுக்கு வந்து, இரும்பு கொண்டுவரச் சொன்னது நான்தான் என்று சொல்லியிருப்பேன் என்று அழுதாள். அக்காவிடம் போன் வாயிலாகவே ஆயிரம் தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். ஸ்பீக்கர் போட்டிருப்பது அவளுக்குத் தெரியாது.

"எண்டாலும் அக்கா, அத்தான் ஏன் அப்பிடிச் சொன்னவர்? உள்ளதைச் சொல்லியிருந்தால் சிரிச்சுப்போட்டு விட்டிருப்பாங்களே."

சிவனேஸ்வரி போனை அணைத்தாள். கார் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்றது. அவளும் அதைத்தான் ஆறு நாளாகக் கேட்க நினைத்திருந்தாள்; இப்போது கேட்டாள். ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

தேவராசாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பேய்க்கு வைச்சது எண்டு சொல்லச் சொல்லுறீரோ? காட்டுச் சனம் எண்டு நினைப்பாங்கள். அவங்களுக்கு விளங்கிற காரணத்தைத்தான் அவங்களுக்குச் சொல்லவேணும். நான் இஞ்ச அகதியா வந்த நேரம் உள்ளதை உள்ளபடி சொன்னனான். ஆர் நம்பினது? நாலு மணித்தியாலம் அழுதழுது சொன்னதைப் பொய் எண்டு எழுதி அனுப்பினாங்கள். ரெண்டாந்தரம் அவங்களுக்கு ஏத்த மாதிரி அடுக்கிச் சொன்னன். விசா தந்தாங்கள்."

இந்தக் கதை அவளுக்குத் தெரியும். வெளியாட்களுக்கு அவர் அதைச் சொல்வதில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய குரல் உடையும், இன்றும் உடைந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் சிவனேஸ்வரி அவருடைய கையைப் பிடித்திருப்பாள். இன்று அவளுக்கு அது நியாயமாகப் படவில்லை. இவரை இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஓர் அதிகாரி நம்பவில்லை என்பதற்காகத் தன்னுடைய வாயிலிருந்து வரவேண்டியதை இவர் மாற்றிச் சொல்வதா. அப்படிக் கேட்க நினைத்தாள், பஸ் நகர்ந்துவிட்டது.

பொலிஸ் நிலையத்தில் ஹம்சினி காத்திருந்தாள். முப்பது வயது சொலிசிற்றர். ஹரோவில் இருக்கிற என்ஜினியர் கல்யாணசுந்தரத்தின் மகள், தமிழ்நாட்டுக் குடும்பம். பொலிஸ் விசாரணைக்கு வருகிறவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் சட்ட உதவியில், தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டபோது இவளைத்தான் அனுப்பினார்கள். தேவராசா கையைக் கொடுத்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, மனைவிக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது, தானும் உள்ளே வந்தால் வசதி என்றார்.

"இல்ல அங்கிள். நீங்க இங்கயே உக்காருங்க" என்று சொல்லிவிட்டு ஹம்சினி சிவனேஸ்வரியை மட்டும் சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

உட்கார்ந்ததும், அடித்ததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றாள். அந்தச் சிவப்பு விளக்கடியில் இருக்கிற நவரத்தினத்தின் கடைக் கமெராவில் எல்லாம் இருக்கிறது. அவன் இறங்கியது, குத்தியது, கதவைத் திறந்தது, கையை உள்ளே விட்டது எல்லாம். சிவனேஸ்வரி தன்னுடைய பக்கத்துப் பிழைகளாக ஆறு நாளாக எண்ணி வைத்திருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டாள். கதவைப் பூட்டாமல் விட்டேனே? அது குற்றமில்லை. மற்றப் பக்கத்தால் இறங்கி ஓடியிருக்க வேண்டுமோ? ஓடித்தான் ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஓடியிருக்க முடியுமா என்று கேட்பார்கள், காருக்குள் பெல்ட் போட்டு இருந்தவள் எங்கே ஓடுவது. எலும்பு உடையும் அளவுக்கு அடித்துவிட்டேனே?

"அந்த நேரத்துல உங்க மனசுல உண்மையா என்ன பட்டுதோ, அத வெச்சுத்தான் பாப்பாங்க ஆன்ட்டி. அதுக்கு ஏத்த அடியா இருந்தா போதும். பயத்துல இருக்கறவங்க தராசு வெச்சு எடை போட்டு அடிக்க முடியாதுன்னு சட்டத்துக்கே தெரியும்."

சிவனேஸ்வரிக்கு மூச்சு வந்தது. ஆறு நாளில் முதல் தடவையாக முதுகைக் கதிரையில் சாய்த்தாள். அப்படியானால் இங்கே என்னத்துக்கு வந்திருக்கிறோம் என்று கேட்டாள்.

ஹம்சினி பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். "பாக்குவெட்டிய எதுக்கு வெச்சிருந்தீங்கங்கறதுக்குத்தான். அது பாக்கு வெட்டறதுக்குச் செஞ்ச சாமான். அது ஆயுதமா இல்லையாங்கறது வெச்சிருக்கறவங்க மனசப் பொறுத்தது. யாராவது வந்தா அடிக்கலாம்னு வெச்சிருந்தா ஆயுதம். தற்காப்புக்குன்னாலும் ஆயுதம்தான். இந்த ஊர்ல தற்காப்புக்குன்னு எதையும் கார்ல வெச்சிட்டுச் சுத்த முடியாது. அந்தக் காரணம் செல்லாது."

வெட்டும் விளிம்பு இருப்பதால் கத்தி வகையில் சேர்க்கவும் பார்க்கிறார்கள், ஆனால் அதற்கும் இதே கேள்விதான், நியாயமான காரணம் இருந்ததா என்பது, என்று மேலும் விளக்கினாள். கைக்குழந்தைக்கென்று, குடும்ப வழக்கப்படி, அன்றைக்கு மட்டும் எடுத்துப் போனது என்றால் அது சொல்லக்கூடிய காரணம். எப்போதும் காரில் இருக்கும், தற்காத்துக்கொள்ள என்றால் அதுவே குற்றம்.

 சிவனேஸ்வரி, தனக்குச் சரியாக விளங்கியதா என்று பார்க்கிறவள்போல மெதுவாகச் சொன்னாள். "அப்ப நான் அவனை அடிச்சதில பிழையில்லை. பேய்க்கெண்டு வைச்சிருந்ததிலயும் பிழையில்லை. என்ர மனிசன் வாய் திறந்ததிலதான் நான் குற்றவாளி."

ஹம்சினி அதை மறுக்கவில்லை.

சிவனேஸ்வரிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. தலைமயிரைப் பிடித்தவன்மேல் இத்தனை நாளாக வளர்த்து வைத்திருந்த கோபம் அப்படியே கதவுக்கு வெளியே, அயர்ன் பண்ணின சட்டையோடு உட்கார்ந்திருக்கிறவர்மேல் திரும்பியது. அந்த ஊத்தையன் இரண்டு நிமிடம் அவளைப் பிடித்தான், அவளும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இவர் கல்யாணம் கட்டின நாள் முதலாக அவளுக்குப் பதிலாகக் கதைக்கிறார். டொக்டரிடம் அவளுக்கு எங்கே நோகிறது என்பதையும் இவர்தான் சொல்வார். அதில் அவளுக்கும் ஒரு சுகம் இருந்தது, அதை மறைத்துப் பயனில்லை. வாயைத் திறக்கத் தேவையில்லை, பிழை வந்தால் பழியும் தனக்கில்லை. அந்தச் சுகத்தின் பலனைத்தான் இப்போது அனுபவிக்கிறேன் என்று நினைத்தபோது தன்மேலும் அவளுக்கு எரிச்சல் வந்தது.

கைப்பையிலிருந்து இரண்டு பக்கத் தாளை எடுத்து ஹம்சினியிடம் கொடுத்தாள். ஹம்சினி முதல் பக்கத்தை வாசித்துவிட்டு, இதை உள்ளே வாசித்தால் அவர்கள் கேள்வி கேட்கவே தேவையில்லை என்றாள்.

பிறகு இரண்டு விஷயங்களைச் சொன்னாள். பொய் சொல்லச் சொல்லி நான் சொல்லமாட்டேன். உண்மை எது என்று உங்களுக்குத்தான் தெரியும், அதைச் சொல்லலாம், அல்லது எதற்கும் பதில் சொல்லாமல் இருக்கலாம், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. உண்மையைச் சொன்னால் நிச்சயம் உங்கள் கணவரைப் பற்றிக் கேட்பார்கள். பொலிசுக்குத் தவறான தகவல் கொடுத்தார் என்றால் அது அவருக்கு எதில் போய் முடியும் என்று என்னால் சொல்ல முடியாது. அவர் கவுன்சிலில் வேலை செய்கிறவர், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டதற்குச் சிவனேஸ்வரி வேண்டாம் என்றாள். இன்னொருவர் தனக்காகக் கதைப்பதைக் கேட்க அவளுக்கு இன்று பொறுமை இல்லை.

விசாரணை அறையில் அதே பெண் கொன்ஸ்தபிள்தான் இருந்தாள். கெட்டவள் இல்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். பாக்குவெட்டி நம்பர் ஒட்டிய பிளாஸ்டிக் பைக்குள் மேசையில் கிடந்தது. சிவனேஸ்வரி ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். பிள்ளை, கறி, மூடியின் மேல் இரும்பு, மெத்தைக்கு அடியில் இரும்பு, காலையில் தங்கையின் போன். இடையில் இரண்டு சொல் வராமல் தடுமாறியபோது ஹம்சினி வாயெடுக்கப் பார்த்தாள். சிவனேஸ்வரி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அந்தச் சொல்லைத் தானே தேடிப் பிடித்தாள்.

பேயை நம்புகிறாயா என்று கொன்ஸ்தபிள் கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. பேய் இருக்கிறதோ இல்லையோ எனக்குத் தெரியாது, ஆனால் என் கார்க் கதவைத் திறந்து தலைமயிரைப் பிடித்தவன் இருந்தான், அவனுக்கென்று நான் எதையும் கொண்டுபோகவில்லை என்றாள் சிவனேஸ்வரி.

கொன்ஸ்தபிள் மடிக்கணினியைத் திருப்பி வைத்து வெள்ளிக்கிழமைப் படத்தைப் போட்டுக் காட்டினாள். காருக்குப் பக்கத்தில் குறுகிப்போய் நிற்கிற அந்தப் பெண்ணைச் சிவனேஸ்வரிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு முன்னால் தேவராசாவின் முதுகு வந்து நின்றது. கேள்வி அவளுக்கு, பதில் அவரிடமிருந்து. எப்போதும் காரில் வைத்திருக்கிறாள் என்று அவர் சொல்லி முடித்துவிட்டு விலக, அந்தப் பெண்ணின் தலை மேலும் கீழும் ஆடியது. ஒரு தரம் ஆட்டியிருந்தாலும் பரவாயில்லை, மூன்று தரம் ஆட்டினாள். பார்க்கப் பார்க்கச் சிவனேஸ்வரிக்கு அந்தத் தலையைப் பிடித்து நிறுத்தவேண்டும் போலிருந்தது.

அது உண்மையில்லை என்றால் ஏன் தலையாட்டினாய் என்று கொன்ஸ்தபிள் கேட்டாள்.

"அவர் கதைத்தால் நான் தலையாட்டுவேன். இருபத்துமூன்று வருடமாக."

கொன்ஸ்தபிள் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தாள். பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டாள். அப்படியானால் உன் கணவர் எங்களிடம் சொன்னது பொய்யா?

 சிவனேஸ்வரிக்குத் தேவராசாவின் மேசை நினைவுக்கு வந்தது. வாசலில் கடிதத்தோடு நிற்கிற சனம் நினைவுக்கு வந்தது. பொலிசுக்குப் பொய் சொன்ன ஆள் என்று வெளியில் தெரிந்தால் அந்தச் சனம் என்ன சொல்லும், கவுன்சில் என்ன சொல்லும். கட்டினவனை விட்டுக்கொடுத்தவள் என்று அவளைப் பற்றிச் சொல்லும் என்பதும் தெரியும். அவர் நினைக்காமல் சொல்லிவிட்டார், பதற்றத்தில் சொல்லிவிட்டார் என்று கொஞ்சம் நெளித்துச் சொல்லலாம். அந்தச் சொற்கள் வாய்வரை வந்தன. அவைகூட அவர் சொல்லித் தந்த மாதிரியேதான் இருந்தன.

"ஆம். பொய்" என்றாள். "என்னிடம் கேட்காமல் சொன்ன பொய்."

வெளியே வரும்போது பன்னிரண்டரை. நடைபாதையில் வைத்து ஹம்சினி தாழ்ந்த குரலில் எச்சரித்தாள். இனி அவரும் ஒரு சாட்சி. உள்ளே என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. அவரும் உங்களைப்போலவே சொன்னால்தான் உங்கள் காரணம் நிற்கும், ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுத்துச் சொன்னார் என்று வந்தால் இரண்டு பேருக்கும் கேடு. முடிவை அரசாங்க வக்கீல்கள் பார்த்துத்தான் சொல்வார்கள், அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

தேவராசா எழுந்து வந்தார். கையெழுத்து வைத்து முடிந்ததா என்று கேட்கிற முகம். அதற்குள் கொன்ஸ்தபிள் கதவைத் திறந்துகொண்டு வந்து, தேவராசாவிடமும் ஒரு வாக்குமூலம் எடுக்க விரும்புவதாகச் சொன்னாள். இன்று கட்டாயமில்லை, வேறு நாள் தனக்கென ஒரு சொலிசிற்றரோடு வந்தாலும் சரி என்றாள். தேவராசா ஹம்சினியைப் பார்த்தார். ஹம்சினி தன்னால் அவருக்கு ஆலோசனை சொல்ல முடியாது என்று ஒதுங்கிக்கொண்டாள்.

அவர் மனைவியின் பக்கம் குனிந்து கேட்டார். "உள்ளுக்கு என்ன சொன்னனீர்?"

"அதை உங்களோட கதைக்கக் கூடாதாம்."

"எனக்குத் தெரிஞ்சால்தானே அதுக்குப் பொருந்தச் சொல்லலாம்."

"பொருந்தச் சொல்லச் சொல்லி இண்டைக்கு உங்களை ஒருத்தரும் கேக்கேல்லை."

தேவராசா அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவர் ஆயிரம் அதிகாரிகளின் முகத்தைப் படித்தவர், மனைவியின் முகத்தைப் படிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. அவருடைய முகம் வெளுத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து யுத்த காலத்தைத் தாண்டி வந்த ஒருவர் வாயால் இலேசில் சொல்லாத சொல்லை அவர் சொன்னார்.

"காட்டிக் குடுத்திட்டீர்."

சிவனேஸ்வரி குரலை உயர்த்தவில்லை.

"நீங்கள் என்னை வெள்ளிக்கிழமையே காட்டிக் குடுத்திட்டீங்கள். நான் இண்டைக்குத்தான்."

கொன்ஸ்தபிளுக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் அவள் ஓர் அடி பின்னால் போய் நின்றாள். இன்னொரு நாள் வருகிறீர்களா என்று தேவராசாவிடம் மறுபடியும் கேட்டாள். அவர் இல்லை என்று தலையை அசைத்து, சட்டைக் கொலரை இழுத்து விட்டுக்கொண்டு, மனைவியைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

கதவு மூடியது. ஹம்சினி அவளை உட்காரச் சொன்னாள். சிவனேஸ்வரி உட்காரவில்லை. அந்த மனிதர் ஆங்கிலத்தில் வாயைத் திறந்தால் என்ன சொல்வார் என்று அவளுக்கு எப்போதும் முன்கூட்டியே தெரியும். இன்று அவளுக்குத் தெரியவில்லை.